பிள்ளைகளின் மனச்சோர்வும் சாதியும்

(இரட்டைமலை சீனிவாசன் நினைவுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



1945 செப்டம்பரில் மறைந்த திவான் பகதூர் இரட்டைமலை சீனிவாசனாரின் நினைவாகக் கூடியிருக்கிறோம். இப்படிப்பட்ட மேடைகளில் நிலம், இடஒதுக்கீடு, வரலாறு, இலக்கியம் என்று பேசுவது வழக்கம். இன்று பிள்ளைகளின் மனத்தைப் பற்றிப் பேசப்போகிறோம். மாலை வகுப்புகளில் பாடம் சொல்லித்தருகிறவர்களும், விடுதிகளில் தங்கிப் படித்து வந்தவர்களும் உட்கார்ந்து பேசி இந்த உரையைச் சேர்ந்து எழுதினோம்.

"சோறு இருக்கிறது, பள்ளிக்கூடம் இருக்கிறது, பிள்ளைகளுக்கு என்ன மனக்கவலை?" என்று கேட்பவர்கள் நம் தெருவிலும் உண்டு. நாள் முழுக்கக் கல் உடைத்துவிட்டு, நாற்று நட்டுவிட்டு வருகிறவர்களுக்கு அப்படித் தோன்றுவது இயல்புதான். அவர்களுக்குப் பதில் சொல்லும் விதமாகவே இந்த உரையை அமைத்திருக்கிறோம்.

சோர்வு எப்படித் தெரியும்?

துக்கம் வேறு, மனச்சோர்வு வேறு. மதிப்பெண் குறைந்தால் பிள்ளை அழும், தாத்தா இறந்தால் அழும். சில நாளில் மறுபடி விளையாடப் போய்விடும். மனச்சோர்வு நோயில் அந்த மறுபடி என்பது வருவதில்லை. இரண்டு வாரத்துக்கும் மேலாக, ஏறக்குறைய நாள் முழுவதும், மனம் கீழேயே கிடக்கும். பிடித்த விளையாட்டு பிடிக்காமல் போகும். தூக்கமும் பசியும் மாறும். கவனம் நிற்காது. 'நான் எதற்கும் லாயக்கில்லை' என்ற எண்ணம் உள்ளே ஓடிக்கொண்டே இருக்கும்.

பெரியவர்களிடம் இது சோகமாகத் தெரியும். பிள்ளைகளிடம் பல நேரங்களில் எரிச்சலாகவும் கோபமாகவும் தெரியும். சிறுபிள்ளைகள் வயிறு வலிக்கிறது, தலை வலிக்கிறது என்பார்கள். பள்ளிக்குக் கிளம்பும் நேரத்தில் வலி வரும். மருத்துவர் பார்த்தால் வயிற்றில் ஒன்றும் இருக்காது. அதற்காக அந்த வலி பொய்யாகிவிடாது.

நம் வீடுகளில் இதற்கு வேறு பெயர்கள் உண்டு: திமிர், சோம்பேறித்தனம், வயசுக் கோளாறு, காத்து கருப்பு. முதலில் அடி விழும். பிறகு மந்திரிக்கக் கூட்டிப் போவார்கள். பள்ளியில் 'படிப்பு ஏறாத பிள்ளை' என்ற பட்டம் கிடைக்கும். இவ்வளவு பெயர்களுக்கு நடுவில் சரியான பெயர் மட்டும் பிள்ளைக்குக் கிடைப்பதில்லை.

பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் நடத்திய 2015-16 தேசிய மனநல ஆய்வில், 13 முதல் 17 வயது வரை உள்ளவர்களில் 7.3 விழுக்காட்டினருக்கு ஏதாவது ஒரு மனநலச் சிக்கல் இருப்பது தெரியவந்தது. நாற்பது பேர் உள்ள வகுப்பில் ஏறக்குறைய மூன்று பேர். வாழ்நாளில் வரும் மனநோய்களில் பாதி 14 வயதுக்குள்ளேயே தொடங்கிவிடுகின்றன என்கிறது உலக சுகாதார நிறுவனம். தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022ஆம் ஆண்டில் மட்டும் இந்தியாவில் 13,044 மாணவர்கள் தற்கொலை செய்துகொண்டார்கள். இவர்கள் அனைவரும் தலித் பிள்ளைகள் அல்லர், அனைவருக்கும் மனச்சோர்வு நோய் இருந்தது என்றும் சொல்லிவிட முடியாது. ஆனால் 'பிள்ளைகளுக்கு என்ன கவலை' என்ற கேள்விக்கு இந்த எண் ஒரு பதில்.

எல்லாப் பிள்ளைகளுக்கும் பொதுவான காரணங்கள்

மனச்சோர்வுக்கு ஒற்றைக் காரணம் கிடையாது. குடும்பத்தில் முன்பே யாருக்காவது இருந்திருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு கூடுகிறது. தாய்க்கோ தந்தைக்கோ சிகிச்சை பெறாத மனச்சோர்வு இருந்தால் அதன் நிழல் பிள்ளைமேல் விழுகிறது. பெற்றோரை இழப்பது, வீட்டில் குடியும் அடிதடியும், பாலியல் துன்புறுத்தல், பள்ளியில் சக மாணவர்களின் கேலி, நாள்பட்ட நோய், தூக்கமின்மை ஆகிய ஒவ்வொன்றும் சுமையைக் கூட்டும். பருவமடைந்த பிறகு ஆண் பிள்ளைகளைவிடப் பெண் பிள்ளைகளிடம் ஏறக்குறைய இரண்டு மடங்கு அதிகமாக மனச்சோர்வு காணப்படுகிறது.

உடம்பையும் மறந்துவிடக் கூடாது. 2019-21 தேசிய குடும்பநல ஆய்வின்படி இந்தியாவில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் 59.1 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை. இரத்தம் குறைந்த உடம்பில் களைப்பு இருக்கும், கவனம் சிதறும், எதிலும் ஈடுபாடு வராது. எனவே பிள்ளை சோர்ந்திருந்தால் இரத்தப் பரிசோதனையும் செய்து பார்க்க வேண்டும்.

இதையெல்லாம் முதலில் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 'எல்லாம் சாதிதான், மருத்துவம் வேண்டாம்' என்று நாம் சொன்னால் நோயுற்ற பிள்ளைக்கு அநீதி செய்கிறோம். 'எல்லாம் மூளை வேதியியல்தான், சாதிக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்' என்று மருத்துவர் சொன்னால் அவரும் அதே பிள்ளைக்கு அநீதி செய்கிறார். மேலே சொன்ன காரணங்களில் பலவற்றை நம் பிள்ளைகளின் வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்து சேர்ப்பது சாதி. அதற்கு மேல், சாதி தனக்கே உரிய சில காரணங்களையும் சேர்க்கிறது. அவற்றைத்தான் இனிப் பார்க்கப் போகிறோம்.

தெரிந்துவிடுமோ என்ற பயம்

சீனிவாசனார் 1939இல் தம் வாழ்க்கையைச் சுருக்கமாக எழுதி வெளியிட்டார். கோயம்புத்தூரில் படித்த நாட்களைப் பற்றி அதில் சில வரிகள் வருகின்றன. கூடப் படித்தவர்களில் பெரும்பாலானோர் பிராமணப் பிள்ளைகள். யாரோடாவது நட்பானால் சாதியும் குடும்பமும் இருப்பிடமும் தெரிந்துவிடும், தெரிந்தால் தாழ்வாக நடத்துவார்கள் என்று அவருக்குப் பயம். அதனால் மணி அடிக்கும் வரை பள்ளிக்கு வெளியே எங்காவது படித்துக்கொண்டிருந்துவிட்டு, அடித்த பிறகே வகுப்புக்குள் போவார். வகுப்பு முடிந்ததும் யாரும் கூட வந்து சேராதபடி வேகமாக வீட்டுக்கு நடந்துவிடுவார். மற்றப் பிள்ளைகளோடு கூடி விளையாட முடியாததை நினைத்து மனம் கலங்கியதாகவும் எழுதியிருக்கிறார்.

இதை இன்று ஒரு மனநல மருத்துவரிடம் கொடுத்தால் 'ஒதுங்கியிருத்தல்' என்று குறித்துக்கொள்வார். நண்பர்கள் இல்லை, விளையாடுவதில்லை, எப்போதும் பதற்றம். ஆனால் அந்தப் பிள்ளையிடம் கோளாறு எதுவும் இல்லை. தன்னைச் சுற்றி நடப்பதை அவர் சரியாகவே புரிந்துகொண்டிருந்தார். ஒதுங்குவது அவர் கண்டுபிடித்த பாதுகாப்பு. அந்தப் பாதுகாப்புக்குக் கொடுத்த விலை தனிமை. நாள்பட்ட தனிமை பிள்ளையின் மனத்தை அரிக்கும்.

இன்று நம் பிள்ளைகள் மணி அடிக்கும் வரை வெளியே நிற்பதில்லை. வேறு வழிகளில் அதையே செய்கிறார்கள். எந்தத் தெரு என்று கேட்டால் பக்கத்துத் தெருவின் பெயரைச் சொல்கிறார்கள். நண்பர்களை வீட்டுக்கு அழைப்பதில்லை. பேருந்தில் ஒரு நிறுத்தம் முன்னதாக இறங்கி நடக்கிறார்கள். ஒவ்வொரு நாளும் ஒரு பொய்யைக் காப்பாற்றிக்கொண்டே கணக்குப் பாடமும் படிக்க வேண்டியிருக்கிறது.

மறைக்கவும் விடுவதில்லை. தென் மாவட்டப் பள்ளிகளில் கையில் கட்டும் கயிற்றின் நிறமே சாதியைச் சொல்கிறது. பள்ளியின் பெயர்ப்பலகையே 'ஆதிதிராவிடர் நல' என்று அறிவிக்கிறது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பன்னிரண்டாம் வகுப்பு தலித் மாணவர் ஒருவரை, கூடப் படித்த மாணவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கையையும் வெட்டினார்கள். தாக்குதலுக்கு முன்பே அந்த மாணவர் சில நாட்கள் பள்ளிக்குப் போகாமல் இருந்தார். பள்ளிக்குப் போகமாட்டேன் என்று ஒரு பிள்ளை சொன்னால், அதற்குப் பின்னால் என்ன இருக்கும் என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி வேண்டாம்.

அதன் பிறகு அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. சாதியைக் காட்டும் கயிறுகளைத் தடை செய்யவும், பள்ளிப் பெயர்களில் உள்ள சாதி அடையாளத்தை நீக்கவும், அகர வரிசைப்படி மாணவர்களை உட்கார வைக்கவும் பரிந்துரைத்தது. இவை சட்டம் ஒழுங்கு சம்பந்தப்பட்டவை மட்டும் என்று நினைக்க வேண்டாம். மனநல மருந்துச் சீட்டில் எழுத வேண்டியவையும் இவைதான்.

சின்ன அவமானங்கள்

2022 செப்டம்பரில் தென்காசி மாவட்டம் பாஞ்சாகுளத்தில், பெட்டிக்கடைக்குத் தின்பண்டம் வாங்கப்போன பள்ளிப் பிள்ளைகளிடம், ஊரில் கட்டுப்பாடு போட்டிருக்கிறது, உங்களுக்கு இனிப் பண்டம் தரமாட்டோம் என்று கடைக்காரர் சொன்னார். அதைக் காணொளியாகவும் எடுத்துப் பரப்பினார்கள். வழக்கு வந்தது, கைது நடந்தது. அந்தப் பிள்ளைகளுக்குக் 'கட்டுப்பாடு' என்ற சொல்லுக்கே பொருள் தெரிந்திருக்காது. கையில் காசு இருக்கிறது, கடையில் மிட்டாய் இருக்கிறது, ஆனால் கிடைக்காது. ஏன் என்ற கேள்வியோடு வீட்டுக்குத் திரும்பிய பிள்ளைக்கு அன்று இரவு யார், என்ன பதில் சொல்லியிருப்பார்கள்?

பாமாவின் 'கருக்கு' 1992இல் வந்தது. அதில் சிறு பெண்ணான அவர், ஊர்ப் பெரியவர் ஒருவர் பலகாரப் பொட்டலத்தைத் தொடாமல் கயிற்றில் தொங்கவிட்டுத் தூக்கிவருவதைப் பார்த்து வேடிக்கை என்று சிரிக்கிறார். அண்ணன் காரணத்தைச் சொன்ன பிறகு சிரிப்பு நின்றுவிடுகிறது. இப்படிச் சிரிப்பு நின்றுபோன ஒரு நாள் நம் பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் இருக்கிறது. பெரிய வன்கொடுமைகள் செய்தித்தாளில் வருகின்றன. சின்ன அவமானங்கள் எங்கும் பதிவாவதில்லை. ஆனால் அவை தினமும் நடக்கின்றன. பிள்ளையின் மனத்தைத் தேய்ப்பது இந்த 'தினமும்' என்பதுதான்.

அண்ணல் அம்பேத்கர் சிறுவனாக இருந்தபோது சாத்தாரா பள்ளியில் உட்காருவதற்குத் தனியே ஒரு சாக்கை வீட்டிலிருந்து கொண்டுபோய், மாலையில் திரும்ப எடுத்து வந்தார். பள்ளிப் பணியாள் அந்தச் சாக்கைத் தொடமாட்டார். பணியாள் வராத நாளில் குடிக்கத் தண்ணீரும் கிடைக்காது. இவற்றை அண்ணல் முதிர்ந்த வயதில் எழுதினார். உலகப் பல்கலைக்கழகங்களில் பட்டம் பெற்று, வட்டமேசை மாநாட்டுக்குச் சென்று வந்த பிறகும் அந்தச் சாக்கு அவர் நினைவை விட்டுப் போகவில்லை. 'வளர்ந்தால் மறந்துவிடுவான்' என்று சொல்பவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

வகுப்பறையில் எழுந்து நிற்கும்போது

கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே என்ற இரு பொருளியல் ஆய்வாளர்கள் உத்தரப்பிரதேச கிராமங்களில் ஒரு சோதனை செய்து 2004இல் வெளியிட்டார்கள். ஆறாம், ஏழாம் வகுப்புச் சிறுவர்களிடம் தாளில் அச்சிட்ட வழிகண்டுபிடிக்கும் புதிர்களைக் கொடுத்தார்கள். சரியாகப் போட்டால் காசு. யார் என்ன சாதி என்று சொல்லாதபோது தலித் சிறுவர்களும் ஆதிக்கசாதிச் சிறுவர்களும் ஒரே அளவுக்குப் போட்டார்கள். பெயரையும் சாதியையும் எல்லார் முன்னாலும் வாசித்துவிட்டுப் புதிரைக் கொடுத்தபோது தலித் சிறுவர்கள் போட்ட எண்ணிக்கை கணிசமாகக் குறைந்தது. அதே பிள்ளைகள், அதே புதிர். இடையில் நடந்தது சாதியை உரக்கச் சொன்னது மட்டும்தான்.

'எஸ்.சி. பசங்க எல்லாம் எழுந்து நில்லுங்க, ஸ்காலர்ஷிப் ஃபார்ம் வந்திருக்கு' என்ற குரலை இந்த அரங்கில் கேட்காதவர்கள் குறைவு. உதவித்தொகை நம் உரிமை. அதை வாங்குவதற்கு நாற்பது பேர் முன்னால் எழுந்து நிற்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. அந்த அரை நிமிடம் அடுத்த தேர்வு வரை பிள்ளையோடு போகிறது. படிப்பு குறைகிறது. குறைந்தது தன் அறிவு என்று பிள்ளை நம்பத் தொடங்குகிறது. 'நான் எதற்கும் லாயக்கில்லை' என்று தொடக்கத்தில் சொன்னோமே, அந்த எண்ணம் இப்படித்தான் உள்ளே போய்க் குடியேறுகிறது.

நம்பிக்கை என்ற சுமை

இதற்கு நேர் எதிரில் இன்னொரு பிள்ளை இருக்கிறது. நன்றாகப் படிக்கும் பிள்ளை. குடும்பத்தில் முதல் பட்டதாரி ஆகப்போகிற பிள்ளை. 'நீ படித்தால்தான் நாம் தலை நிமிர முடியும்' என்று கேட்டே வளர்ந்தது. கல்வியே விடுதலை என்பது நம் முன்னோர் இரத்தம் சிந்தி வாங்கித்தந்த பாடம். அதில் மாற்றமில்லை. ஆனால் ஒரு தெருவின் விடுதலை முழுவதும் பதினேழு வயதுப் பிள்ளையின் மதிப்பெண்ணில் தொங்கும்போது, அந்த மதிப்பெண் தவறினால் பிள்ளைக்கு நிற்க இடமில்லாமல் போகிறது. 

அரியலூர் மாவட்டம் குழுமூர் அனிதா பன்னிரண்டாம் வகுப்பில் 1200க்கு 1176 வாங்கியவர். நீட் தேர்வுக்கு எதிராக உச்ச நீதிமன்றம் வரை போனவர். 2017 செப்டம்பர் 1ஆம் தேதி அவரை இழந்தோம். ஹைதராபாத் மத்தியப் பல்கலைக்கழக ஆய்வு மாணவர் ரோகித் வெமுலா, விடுதியிலிருந்து வெளியேற்றப்பட்டுப் போராடிவந்த நிலையில் 2016 ஜனவரி 17 அன்று மறைந்தார். அவருடைய கடைசிக் கடிதத்தில் குழந்தைப் பருவத்துத் தனிமையைப் பற்றிய குறிப்பு இருக்கிறது. பல்கலைக்கழகத்தில் நடந்ததை மட்டும் அவர் எழுதவில்லை, பிள்ளைப் பருவத்தையும் எழுதினார் என்பதைக் கவனிக்க வேண்டும்.

இவர்களின் நியாயத்தை நாம் விடப்போவதில்லை. ஆனால் மாணவத் தம்பி தங்கைகளிடம் ஒன்றைத் திட்டமாகச் சொல்கிறோம். சாவு போராட்ட வடிவம் அல்ல. உங்கள் படம் சுவரொட்டியில் வர நீங்கள் சாக வேண்டியதில்லை. நீங்கள் தோற்றாலும் எங்களுக்கு வேண்டும். பிளஸ் டூவில் தவறினாலும், படிப்பை நிறுத்திவிட்டுத் திரும்பி வந்தாலும், உங்களுக்கு இந்தத் தெருவில் இடம் உண்டு. இதைப் பெற்றோரும் தங்கள் வாயால், தேர்வு முடிவு வருவதற்கு முன்பே, பிள்ளைகளிடம் சொல்ல வேண்டும்.

எது தாங்கிப் பிடிக்கிறது?

ஓம்பிரகாஷ் வால்மீகியின் 'ஜூட்டன்' தன்வரலாற்றில் தலைமை ஆசிரியர் அந்தச் சிறுவனை வகுப்பில் உட்கார விடாமல் பள்ளி மைதானத்தைப் பெருக்கச் சொல்கிறார். நாள் கணக்கில் பெருக்குகிறான். தற்செயலாக அந்த வழியே வந்த தந்தை பார்த்துவிடுகிறார். துடைப்பத்தைப் பிடுங்கி எறிந்துவிட்டு, தலைமை ஆசிரியரை நேருக்கு நேர் கேட்கிறார். ஊரில் பலரிடம் போய் முறையிட்டு மகனை மறுபடி வகுப்பில் உட்கார வைக்கிறார்.

அந்தத் தந்தைக்கு மனநலம் என்ற சொல் தெரிந்திருக்காது. ஆனால் மகனின் மனத்துக்குத் தேவையான இரண்டு காரியங்களைச் செய்தார். தவறு உன்னுடையது அல்ல, அவர்களுடையது என்று எல்லார் முன்னாலும் காட்டினார். நீ தனியாக இல்லை என்று காட்டினார். துன்பத்தில் வளரும் பிள்ளைகளைத் தாங்கிப் பிடிப்பது எது என்று தேடிய ஆய்வுகள் திரும்பத் திரும்பச் சொல்வதும் இதைத்தான்: நம்பி நிற்க ஒரு பெரியவராவது வேண்டும். அம்மாவாக, சித்தப்பாவாக, ஆசிரியராக, மாலை வகுப்பு அக்காவாக யாராகவும் இருக்கலாம்.

சீனிவாசனார் வெளியே நின்றிருந்த அந்த நாட்களில் இந்த இக்கட்டை எப்படிக் கடப்பது என்று யோசித்துக்கொண்டே இருந்ததாக எழுதுகிறார். பின்னாளில் 'பறையன்' என்ற பெயரிலேயே 1893இல் பத்திரிகை தொடங்கினார். எந்தப் பெயர் தெரிந்துவிடக் கூடாது என்று பயந்தாரோ, அதையே முதல் பக்கத்தில் அச்சிட்டார். ஆனால் இதை அவர் தனியாகச் செய்யவில்லை. சபை இருந்தது, தோழர்கள் இருந்தார்கள். பயத்தை ஒரு பிள்ளையால் தனியாகக் கடக்க முடியாது. கூட்டம் வேண்டும்.

நாம் செய்ய வேண்டியவை

ஒன்று, கேளுங்கள். ஒரு பிள்ளை இரண்டு வாரமாக விளையாட வரவில்லை என்றால் வீட்டுக்குப் போய்ப் பாருங்கள். அறிவுரையை ஒத்திவைத்துவிட்டு, 'பள்ளியில் என்ன நடக்கிறது' என்று கேட்டு முழுவதையும் கேட்டுக்கொள்ளுங்கள். சாக வேண்டும் என்று தோன்றுகிறதா என்று நேரடியாகக் கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. சொல்ல ஆள் கிடைத்தது என்ற நிம்மதிதான் வரும். கேட்டதைத் தெருவில் பேசாதீர்கள். ஆனால் உயிருக்கு ஆபத்து என்றால் பெற்றோரிடமும் மருத்துவரிடமும் சொல்லியே ஆக வேண்டும். பிள்ளையைத் தனியே விடக் கூடாது.

இரண்டு, சிகிச்சைக்குக் கூட்டிப் போங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் மனநலப் பிரிவு இருக்கிறது, செலவில்லை. 14416 என்ற எண்ணில் கட்டணமின்றி எந்நேரமும் தமிழில் பேசலாம். குழந்தைகளுக்கு ஆபத்து என்றால் 1098. மனச்சோர்வு குணப்படுத்தக்கூடிய நோய். பேச்சுச் சிகிச்சை உண்டு, தேவைப்பட்டால் மாத்திரையும் உண்டு. காசநோய்க்கு மாத்திரை சாப்பிடுவதில் வெட்கம் இல்லை என்றால் இதற்கும் இல்லை.

மூன்று, போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று பயந்து மறைக்காதீர்கள். 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 115ஆம் பிரிவு, தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதச் சொல்கிறது. அவரைத் தண்டிப்பது அல்ல, சிகிச்சையும் மறுவாழ்வும் தருவதே அரசின் கடமை என்கிறது.

நான்கு, வன்கொடுமை நடந்த தெருவுக்கு உண்மையறியும் குழு போகும்போது பிள்ளைகளையும் கணக்கில் எடுங்கள். எரிந்த வீடுகளை எண்ணுவதுபோல், இரவில் தூங்காத பிள்ளைகளையும், பள்ளிக்குப் போகாத பிள்ளைகளையும் எண்ணி அறிக்கையில் எழுதுங்கள். நிவாரணக் கோரிக்கையோடு மனநலச் சிகிச்சையையும் கோரிக்கையாக வையுங்கள்.

ஐந்து, பள்ளியில் சாதியை உரக்கச் சொல்லும் ஒவ்வொரு வழக்கத்தையும் எதிர்த்து மனு கொடுங்கள். உதவித்தொகைப் படிவத்தைத் தனியே அழைத்துக் கொடுக்க ஒரு ரூபாய்கூடச் செலவாகாது. கழிப்பறை கழுவ நம் பிள்ளைகளை மட்டும் அனுப்பினால் அது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ்ப் புகாருக்குரியது.

ஆறு, பிள்ளைகள் கூடுவதற்கு இடம் உண்டாக்குங்கள். கேரம் பலகை, கால்பந்து, பறை, நூலகம், மாலை வகுப்பு எதுவாக இருந்தாலும் சரி. அங்கே எந்தத் தெரு என்று யாரும் யாரையும் கேட்கக் கூடாது.

கடைசியாக ஒரு வேண்டுகோள். இந்த அரங்கை விட்டுப் போகும் ஒவ்வொருவரும் இந்த வாரத்துக்குள், உங்கள் தெருவில் அல்லது உங்கள் விடுதியில் யாரோடும் பேசாமல் இருக்கும் ஒரு பிள்ளையின் பக்கத்தில் போய் உட்காருங்கள். முதல் நாள் அது பேசாது. இரண்டாம் நாளும் பேசாமல் இருக்கலாம். மூன்றாம் நாளும் போங்கள்.

ஜெய்பீம்.